மோட்டார்சைக்கிள் இயந்திரத்தில் கேட்கும் சத்தத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

மலேசியாவுக்குப் போகும் வழியில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் வெயிலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு மட்டும் என் பழைய மோட்டார்சைக்கிளில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் அது இருக்காது. பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கின் முன்னால் அது வாயே திறக்காது. வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இப்படி ஒளிந்து விளையாடும் சத்தத்தை இயந்திரத்தைப் பிரிக்காமலேயே எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை எளிதில் நம்பக் கூடாது. ஆனால், அது எப்போது வருகிறது, எந்த வேகத்தில் அடிக்கிறது என்று காது சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். இயந்திரத்தின் உடல் முழுவதும் உலோகம் என்பதால் அடிப்பகுதியில் பிறக்கும் ஒலி சிலிண்டர் தலையில் தெளிவாகக் கேட்கும். பெட்ரோல் தொட்டியின் அடிப்பக்கம் ஒலியைத் திருப்பி அனுப்பி, முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பதுபோல் காட்டும். அதனால் இடத்தைத் தேடுவதற்கு முன்பாகச் சத்தம் வரும் நேரத்தையும் அதன் தாளத்தையும் தேடுங்கள்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பது சிங்கப்பூரில் தனிச் சிக்கல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடங்களில் வண்டியைப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. நிறுத்திவைத்த வண்டியின் இயந்திரத்தை வெறுமனே ஓடவிடுவதும் இங்கே குற்றம். ஆகவே, ஓட்டிப் பார்த்துச் செய்யும் சோதனைகளைச் சாலையில் செய்துகொண்டு, நிறுத்திவைத்துச் செய்ய வேண்டியவற்றை முற்றம் உள்ள தரைவீட்டில் குடியிருக்கும் உறவினர் அல்லது நண்பர் வீட்டுக்கு ஒத்திவைப்பதே நல்லது. நான் சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் உறவினர் வீட்டு முற்றத்தைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன். அங்கும் வண்டி கூரைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முதலில் எண்ணெய்

எந்தச் சத்தமாக இருந்தாலும் முதல் வேலை எண்ணெயைப் பார்ப்பதுதான். இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்து, வண்டியைப் பக்கத் தாங்கியில் சாய்க்காமல் நேராக நிறுத்திக்கொண்டு அளவைப் பார்க்க வேண்டும். அளவுக் கம்பி உள்ள வண்டிகள் பலவற்றில் அதைத் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது கையேட்டில் இருக்கும்.

அளவு குறைவாக இருந்தால் சத்தத்துக்கான காரணம் அங்கேயே கிடைத்திருக்கலாம். அளவு கூடியிருந்தாலும் மகிழ்ச்சியடைய வேண்டாம். கம்பியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்ப்பரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலின் வழியை அடைக்கும் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் கசிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலந்திருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன என் வண்டியின் கதை அதுதான். இரவு முழுவதும் பெட்ரோல் குழாயைத் திறந்தே வைத்திருந்த என் சோம்பேறித்தனத்தால் எண்ணெய் நீர்த்துப்போயிருந்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது அது எப்படியோ தாக்குப்பிடித்தது; காற்றோட்டம் இல்லாத வரிசையில் நின்று சூடேறியதும் மேலும் இளகி, உலோகங்களுக்கு இடையே தாங்க முடியாமல் போனது. மிதவை ஊசியை மாற்றி, எண்ணெயையும் மாற்றியதும் சத்தம் நின்றது. அதற்கு முன்னால் இரண்டு வாரம் நான் சிலிண்டர் தலையைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெயை மாற்றும்போது அதை வெளிர் நிறத் தட்டில் வடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வடிகால் திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறப் பசை போன்ற மிக நுண்ணிய தூள் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு இரும்புத் துணுக்குகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். அது பிஸ்டனிலிருந்து வந்திருக்கலாம். செம்பு நிறப் பொடி புஷ்களிலிருந்தோ பேரிங் பட்டைகளிலிருந்தோ வருவது. கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடைத்தால், கேம் செயின் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றவைக்கும் சங்கிலி) உரசிச் செல்லும் வழிகாட்டிப் பட்டை நொறுங்குகிறது. இந்தத் தட்டைக் கூர்ந்து பார்க்கும் ஐந்து நிமிடம், காதை வைத்துக் கேட்கும் ஒரு மணி நேரத்தைவிட அதிகம் சொல்லும். வடித்த எண்ணெயை ஒரு புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இந்த ஊரில் வடிகால்களில் ஓடும் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேருகிறது.

புதிய எண்ணெய் வாங்கும்போது புட்டியில் 'ஜாசோ எம்ஏ' என்ற மோட்டார்சைக்கிள் எண்ணெய்த் தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கியர் வண்டிகளில் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால், காருக்குரிய வழுக்கல் மிகுந்த எண்ணெய் கிளட்சை நழுவச் செய்யலாம்.

இயந்திரத்துக்கு வெளியே

இயந்திரச் சத்தம் என்று வரும் புகார்களில் கணிசமானவை இயந்திரத்தில் பிறப்பதே இல்லை. ஓடும்போது மட்டும் கேட்கும் சத்தமாக இருந்தால், போக்குவரத்து இல்லாத, சற்றே இறக்கமான உட்சாலையில் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை உருளவிடுங்கள். இயந்திரம் மெதுவோட்டத்துக்கு இறங்கிய பிறகும் சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்தே சத்தம் வந்தால், அது செயின், பல்சக்கரம், சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றில் ஒன்று. இந்தச் சோதனைக்காக இயந்திரத்தை அணைக்க வேண்டியதில்லை.

நின்றிருக்கும்போதும் கேட்டால், தடித்த கையுறை அணிந்துகொண்டு சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு, செயின் மூடி, எண் பலகை, பக்கவாட்டுப் பிளாஸ்டிக், பெரிய தாங்கியின் சுருள்வில் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். இயந்திரத்தைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் ஸ்பேனரால் சோதியுங்கள். அவற்றில் ஒன்று தளர்ந்தால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வண்டி முழுவதும் 'கிர்ர்' என்று அதிரும்.

இந்தப் பகுதியில் மிக அதிகமாக ஏமாற்றுவது, புகைக்குழாய் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட். அது கசிந்தால் வரும் 'டிக் டிக்' ஒலி, வால்வை அழுத்தித் திறக்கும் டப்பெட்டின் ஒலியைப் போலவே இருக்கும். தாளமும் அதேதான், ஏனெனில் புகை வெளியேறுவதும் வால்வின் கணக்கில்தான். நானே ஒருமுறை டப்பெட் இடைவெளியை இருமுறை சரிசெய்துவிட்டு, கடைசியில்தான் குழாயின் விளிம்பில் படிந்திருந்த கரியைக் கண்டேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது குழாய் சேரும் இடத்தைச் சுற்றிச் சோப்பு நீரைத் தூவி, உடனே இயந்திரத்தைக் கிளப்பிப் பாருங்கள். கசிவு இருந்தால் குமிழி வரும். குளிரில் பெரிதாகக் கேட்டு, குழாய் சூடேறி விரிந்ததும் அடங்கிப்போவது இதன் இன்னோர் அடையாளம். கேஸ்கெட்டை மாற்றினால், ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

தாளம்

இப்போது இயந்திரத்துக்குள் வருவோம். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரத்தில், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் மெதுவாக ஓடும் ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் கிராங்க் வினாடிக்கு 25 முறையும், கேம் 12 அல்லது 13 முறையும் சுற்றுகின்றன. ஆகவே, வால்வு, கேம் தள்ள வால்வை அழுத்தும் ராக்கர், கேம் ஆகியவற்றைச் சேர்ந்த தட்டல் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒருமுறை வரும். பிஸ்டன், அதைக் கிராங்கோடு இணைக்கும் இணைதண்டு, கிராங்க் பேரிங் ஆகியவற்றைச் சேர்ந்தது அதைப்போல் இருமடங்கு வேகத்தில் வரக்கூடும்.

இவ்வளவு வேகத்தைக் காதால் எண்ண முடியாது, கைப்பேசியால் முடியும். காணொளியாகப் பதிவுசெய்து கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டால் கேமின் தட்டல் வினாடிக்கு மூன்றாகவும், கிராங்கின் தட்டல் ஆறாகவும் குறைந்து, எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிடும். சைலன்சர் வாயிலிருந்து வரும் 'புப் புப்' ஒலியோடு ஒப்பிடுவது இன்னும் எளிது: ஒரு புப்புக்கு ஒரு தட்டல் என்றால் மேலே தேடுங்கள், இரண்டு என்றால் கீழே தேடுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. உள்வால்வும் வெளிவால்வும் இரண்டுமே தளர்ந்திருந்தால் ஒரு புப்புக்கு இரண்டு தட்டல் கேட்கும். ஆனால், அவற்றுக்கு இடையே உள்ள நேரம் சமமாக இருக்காது. கிராங்கின் தட்டலோ கடிகாரம்போல் ஒரே சீராக இருக்கும். யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற இரு வீச்சு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவற்றில் கேமும் இல்லை, கேம் திறந்து மூடும் வால்வும் இல்லை.

பதிவுசெய்யும்போது கைப்பேசியை ஒரே தூரத்தில், ஒரே பக்கத்தில் வைத்து, ஒரே சுற்று வேகத்தில் பதிவுசெய்யுங்கள். கைப்பேசி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், இரண்டு பதிவுகளில் எது பெரிய சத்தம் என்று ஒப்பிடுவதில் பயன் இல்லை. தாளத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

சூடும் சுமையும்

தாளத்துக்கு அடுத்து, சத்தம் எந்த நிலையில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கிளப்பியவுடன் 'கொட கொட' என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவதாக இருக்கலாம். பிஸ்டன் சூடேறி விரிந்ததும் இடைவெளி குறைகிறது. இது லேசாக இருந்தால் பல ஆண்டுகள் அப்படியே ஓடும். இதற்கு நேர்மாறாக, சூடேறிய பிறகே தொடங்கும் ஆழமான சத்தம் எண்ணெய் அழுத்தத்தையும் பேரிங்கையும் சுட்டுகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆக்சிலேட்டரை முறுக்கி மேட்டில் ஏறும்போது, அல்லது பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் சேரும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற ஒலி வந்தால், எரிகலவை தன் நேரத்துக்கு முன்பாகவோ தாறுமாறாகவோ வெடிக்கிறது. பெட்ரோலின் ஆக்டேன் எண், எரியறையில் படிந்த கரி, தீப்பொறியின் நேரம், பெட்ரோல் குறைந்த கலவை ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். ஆக்டேன் எண் கையேட்டில் சொல்லப்பட்டதைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். வேறு வண்டிக்குப் பொருந்தியது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். மலேசியாவின் ஜோகூருக்குப் போய் நிரப்புபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: 2010 ஆகஸ்ட் முதல் அங்கே வெளிநாட்டு வண்டிகளுக்கு மானிய விலை ரோன் 95 (ஆக்டேன் எண் 95) பெட்ரோல் விற்கத் தடை இருக்கிறது, ரோன் 97தான் நமக்குரியது.

ஆக்சிலேட்டரை மூடி வேகம் குறையும்போது 'சர சர' என்று சங்கிலி குலுங்குவது போல் கேட்டால் கேம் செயினைச் சந்தேகியுங்கள். செயின் நீண்டிருக்கலாம், அதைவிட அடிக்கடி நடப்பது, அதை இழுத்துப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனர் சிக்கிக்கொள்வது. இந்த வேலையில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம்: டென்ஷனரைப் பின்வாங்கிப் பூட்டாமல் அதன் இரு போல்ட்டுகளையும் கழற்றிவிட்டால் செயின் தளர்ந்து, ஒரு பல் தாண்டி உட்கார்ந்துவிடலாம். அப்படியே கிளப்பினால் வால்வு பிஸ்டனில் மோதும் ஆபத்து உண்டு. கழற்றிய பின் கிராங்கைத் திருப்பவே கூடாது. திரும்பப் பொருத்தியதும் கிராங்கின் முனையில் உள்ள காந்தச் சக்கரத்தின் குறியும் கேம் பல்சக்கரக் குறியும் ஒத்துவருகின்றனவா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும்.

சில சத்தங்கள் வண்டியின் இயல்பு. 1999ல் வந்த ஹைப்பர் விடெக் வகை ஹோண்டா சூப்பர் ஃபோர் ஏறத்தாழ 6,750 சுற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்விலிருந்து நான்குக்கு மாறும்போது ஒலி சட்டென்று மாறும். அதைப் பழுது என்று எண்ணிப் பிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

கிளட்ச் பிடி சொல்வது

கருவி எதுவுமின்றிச் செய்யக்கூடிய ஒரு சோதனை இது. நியூட்ரலில் இயந்திரம் ஓடும்போது கிளட்ச் கூடை (கிளட்ச் தகடுகளைத் தாங்கும் வெளிப்பகுதி), உள்மையம், கியர்பெட்டியின் முதல் தண்டு மூன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். பிடியை இழுத்ததும் கூடை மட்டும் சுற்ற, மற்ற இரண்டும் மெல்ல ஓயும். பிடியை இழுத்ததும் சத்தம் மறைந்தால் அந்தத் தண்டின் பேரிங்கையோ கூடையின் ஆட்டத்தையோ பாருங்கள். லேசான கூடைச் சத்தத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. பிடியை இழுக்கும்போது புதிதாகச் சத்தம் தோன்றினால் விடுவிப்பு பேரிங் தேய்ந்திருக்கலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் கியர்பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

இடத்தைத் தொடுதல்

இத்தனைக்கும் பிறகுதான் நீளமான ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். அதன் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். மலிவாகக் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இதைவிட வசதியானது. சுற்றும் எதன் அருகிலும் கொண்டுபோகாதீர்கள். தலைமுடி, கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டை ஆகியவற்றில் கவனம் தேவை. வால்வு மூடி, கேம் செயின் செல்லும் பக்கம், சிலிண்டரின் நடுப்பகுதி, காந்தச் சக்கர மூடி, கிளட்ச் மூடி என்று ஒரே வரிசையில், ஒவ்வோர் இடத்திலும் ஒரே அழுத்தத்தில் கேளுங்கள். ஓர் இடத்தில் கேட்கிறது என்பது சான்று ஆகாது. அங்கே மற்ற இடங்களைவிடக் கூர்மையாகக் கேட்கிறதா என்பதே கேள்வி.

மேலே கூர்மையாகக் கேட்டு, தாளமும் கேமின் தாளமாக இருந்தால் டப்பெட் இடைவெளியை அளக்கலாம். ராக்கர் திருகு உள்ள வண்டிகளில் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். இயந்திரம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் செய்வது உத்தமம். தீப்பொறிக் கட்டையை (ஸ்பார்க் பிளக்) கழற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் காந்தச் சக்கரத்தின் டி குறி மூடியில் உள்ள கோட்டுக்கு நேராக வரும்வரை கிராங்கைத் திருப்புங்கள். அப்போது இரண்டு ராக்கர்களும் விரலில் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். கையேட்டில் சொன்ன தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகடு லேசான உரசலோடு நுழைய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகரும் என்பதால், இறுக்கிய பின் மீண்டும் அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

சத்தமே இல்லாமல் ஆக்க வேண்டும் என்ற ஆசையில் இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஓர் அண்ணன், "தம்பி, டப்பெட் பேசினா பயமில்ல, பேசாம இருந்தாத்தான் பயம்" என்பார். இடைவெளி போதாத வெளிவால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த வழியின்றிக் கருகிவிடும். லேசான தட்டல் ஒலி எவ்வளவோ மலிவு.

சிலிண்டர் நடுவிலும் அடியிலும் கூர்மையாகக் கேட்டு, தாளமும் கிராங்கினுடையதாக இருந்தால் இணைதண்டின் ஆட்டத்தைச் சோதிக்கலாம். தீப்பொறிக் கட்டையின் துளை வழியாக நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைப் பிஸ்டன் மேல் நிறுத்தி, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது காந்தச் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்துக் கிராங்கை முன்னும் பின்னும் சற்றே அசையுங்கள். கிராங்க் அசைந்தும் குழல் அசையாத ஓர் இடைவெளியோ, திசை மாறும்போது கைக்கு எட்டும் ஒரு 'கிளிக்'கோ இருந்தால் இணைதண்டின் ஏதோ ஒரு முனை தேய்ந்திருக்கிறது. மரக் குச்சியைப் பயன்படுத்தாதீர்கள். உடைந்து உள்ளே விழுந்தால் இல்லாத வேலையை இழுத்துவைக்கும்.

நான்கு சிலிண்டர் வண்டியில் எந்தச் சிலிண்டர் என்று அறிய, இயந்திரத்தை அணைத்து, ஒரு சிலிண்டரின் தீப்பொறிக் கட்டை மூடியைக் கழற்றி, அதில் உதிரிக் கட்டை ஒன்றைச் செருகி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் உடலைத் தொடுமாறு கட்டிவைத்துவிட்டுச் சில வினாடிகள் மட்டும் ஓடவிடலாம். அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் சத்தம் குறைந்தால் பழுது அதன் பிஸ்டனிலோ இணைதண்டிலோ இருக்கிறது. கட்டையைத் தொடவிடாமல் மூடியைக் காற்றில் தொங்கவிட்டால் மின் சுற்று பழுதாகலாம். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம்.

அடியிலிருந்து சூட்டோடும் சுமையோடும் பெருகும் கனத்த 'தொம் தொம்' ஒலி உறுதியாகிவிட்டால் அதற்கு மேல் வண்டியைக் கிளப்பக் கூடாது. பட்டறைவரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வேனில் ஏற்றி அனுப்புங்கள். இணைதண்டு முறிந்து கிராங்க் பெட்டியைத் துளைத்துவிட்டால், எண்ணெய் பின்சக்கரத்தில் வழியும்.

மற்றவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணெயையும் டென்ஷனரையும் கேஸ்கெட்டையும் ஒரே நாளில் மாற்றினால் சத்தம் போகலாம். எதனால் போனது என்பது தெரியாது, அடுத்த முறை வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலில் பதிவுசெய்த அதே இடத்தில், அதே சூட்டில், அதே சுற்றில் மீண்டும் பதிவுசெய்யுங்கள். வரிசையில் நின்றால் மட்டும் வந்த சத்தத்தை வீட்டு முற்றத்தில் சோதித்துச் சரியாகிவிட்டது என்று எழுதிவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலையில் அதே உட்லண்ட்ஸ் வரிசையில் போய் நிற்கத்தான் வேண்டும்.